இடுப்புக்கூட்டில் வளரும் அபூர்வக் கட்டி

பெங்களூரிலிருந்து வரும் பெருஞ்சாலை அத்திப்பள்ளியைக் கடந்து தமிழகத்துள் நுழைந்து, ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரியை நோக்கிச் செல்லும் பிரதேசத்தில், அசோக் லேலண்டும் டைட்டனும் 1980களில் ஊன்றிய தொழில், இன்று மின்னணுச் சாதன ஆலைகளாக விரிந்து, பல ஜில்லாக்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை விடுதிகளில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அவர்களில் ஒருத்திக்குத் தொடையிடுக்கிலோ பிறப்புறுப்பின் ஓரத்திலோ நோவில்லாத மெத்தென்ற வீக்கம் தோன்றினால், வெட்கத்தினாலும், ஷிப்ட் போய்விடுமே என்ற கவலையினாலும் அவள் அதை மாதக்கணக்கில் மறைத்துவிடுகிறாள் என்றால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அத்தகைய வீக்கங்களில் பெரும்பாலானவை சாதாரணமானவையே. ஆயினும் அபூர்வமாக ஒன்று, ஸ்டீப்பர், ரோசாய் என்னும் நோய்க்குறியியல் நிபுணர்கள் 1983-இல் ஒன்பது பெண்களிடம் கண்டு விவரித்த ‘அக்ரெஸிவ் ஆன்ஜியோமிக்ஸோமா’ என்ற மென்திசுக் கட்டியாக இருந்துவிடக்கூடும். பருவமடைவதற்கும் மாதவிலக்கு நிற்பதற்கும் இடைப்பட்ட வயதினரையே இது பெரிதும் நாடுகிறது. பெண்மைச் சுரப்புநீர்களை ஏற்கும் அணுக்கள் இதில் இருப்பதால், கர்ப்ப காலத்தில் வேகமாய் வளர்வதும் உண்டு. புற்றுநோயைப் போல் தூர அவயவங்களுக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் இருந்த இடத்திலேயே, திசுக்களின் இடுக்குகளில் எல்லை தெரியாமல் ஊடுருவிச் செல்லும்.

வெளியே எலுமிச்சை அளவு தெரிவது, உள்ளே மலக்குடலின் பக்கமாக மேலேறி இடுப்புக்கூட்டையே நிறைத்திருக்கலாம். இதை நீர்க்கட்டி என்றோ, குடலிறக்கம் என்றோ, கொழுப்புக்கட்டி என்றோ எண்ணி, உள்ளூரிலேயே அவசரமாகக் கீறி எடுத்தால், கைக்கு எட்டியது போக எஞ்சியது உள்ளே நின்று மறுபடி தலையெடுக்கும். ஆகவே கத்தியைத் தொடுமுன் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது அவசியம். அப்படத்தில் சுழித்தோடும் அடுக்கடுக்கான வரிகள் இக்கட்டியின் அடையாளம் என்பது அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும். ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பதும் அவ்வாறே. ஏனெனில் அதே இடத்தில் வளர்வது சார்கோமா என்னும் உண்மையான மென்திசுப் புற்றானால் அறுவையின் நியதியே வேறு. அங்கே சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து முழுமையாக அகற்றுவதில்தான் உயிர் நிற்கிறது.

இடுப்புக்கூடு குறுகிய குகை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவை அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. திரிக எலும்பின் முன்னே பரந்திருக்கும் சிரைகள் கிழிந்தால் ரத்தத்தை நிறுத்துவது பிரயாசை. மலஜலத்தை அடக்கும் நரம்புகளோ நூலிழை போன்றவை. வயிற்றின் வழியாகவும் கீழேயிருந்தும் இருமுனையாகச் சென்று, வழவழப்பாகப் பளபளக்கும் கட்டியை அவற்றினின்று பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் எவ்விலை கொடுத்தாலும் அகன்ற விளிம்போடு எடுத்துவிட வேண்டும் என்பதே சித்தாந்தமாயிருந்தது. பின்னர் நோயாளிகளின் கதியை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், விளிம்பு சுத்தமாயிருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மறுவளர்ச்சியில் பெரிய பேதம் இல்லை என்று கண்டார்கள். கட்டி உயிரைக் குடிப்பதல்ல என்கையில், இருபத்தைந்து வயதுப் பெண்ணின் மலக்குடலையோ பிள்ளைப்பேற்றையோ காவு கொடுக்க எந்த நியாயமும் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். சிறிது மிச்சம் வைத்து நிறுத்தவும் துணிகிற கையே இங்கு தேர்ந்த கை. எஞ்சியதைச் சுரப்புநீரை அடக்கும் ஊசிகளால் சுருக்க முடிகிறது. சில சமயம் அறுவைக்கு முன்பே கட்டியைச் சிறிதாக்கவும் அவை உதவுகின்றன.

இத்தகைய அறுவைக்குப் புற்றுநோய் அறுவை நிபுணர், மகப்பேறு மருத்துவர், நோய்க்குறியியல் நிபுணர் ஆகியோர் ஒருங்கே கூடும் ஆஸ்பத்திரியே தகும். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், பெங்களூரில் 1973-இல் தொடங்கிய கித்வாய் நினைவு நிலையம் உண்டு. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரும்பாடுபட்டு 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையில் உண்டு. ஈ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படும் தொழிலாளி, 2017-இல் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபின் அதற்குள் அடங்கியவளாயின், முதலில் ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் காட்டி, மேல்சிகிச்சைக்குக் கடிதம் கேட்டு வாங்கலாம்.

மறுவளர்ச்சி முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் தலைகாட்டும். பத்தாண்டுக்குப் பின்னும் சிலருக்கு வந்திருக்கிறது. ஆதலால் விடுதியை விட்டு ஊருக்குத் திரும்பினாலும், மணமாகி வேறிடம் போனாலும், பழைய எம்.ஆர்.ஐ. படத்தையும் பயாப்சி அறிக்கையையும் அவள் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும். கர்ப்பம் தரித்தால், பேறு பார்க்கும் மருத்துவரிடம் அவற்றை முதல் நாளே காட்ட வேண்டும்.