உங்களுக்குத் தெரியுமா? காலணாவுக்கு ஒரு பாட்டுப் புத்தகம்

சமயபுரம் கடைவீதியில் மஞ்சள், குங்குமம், கண்மலர்களுக்கு நடுவே மாரியம்மன் தாலாட்டுப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் அட்டை, உள்ளே பெரிய எழுத்து. அதன் கூடப்பிறந்த பாட்டுப் புத்தகங்கள் பல இன்று கண்ணிலேயே படுவதில்லை.

1835-க்குப் பிறகு இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த முடிந்தது. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுத் தாளில் எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகங்கள் குவியத் தொடங்கின. விலை காலணா, அரையணா. அன்று ரூபாய்க்கு 64 காலணா. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, கள்ளை எதிர்த்துக் கும்மி என்று ஊரே பேசியதெல்லாம் அவற்றில் பாட்டாகும். விற்பவரே மெட்டுக் கட்டிப் பாடுவார். எழுத்து தெரியாதவரும் நின்று கேட்டு, வாங்கி மடியில் செருகிக்கொள்வார். வீட்டில் ஒரு பிள்ளை வாசித்துக் காட்டும். அயர்லாந்துச் சந்தைகளிலும் ஒற்றைத் தாள் பாட்டுகளை இப்படித்தான் பாடி விற்றார்கள்.

படித்தவர்கள் இவற்றைக் கீழாகவே பார்த்தார்கள், அழிந்தவை ஏராளம். கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றவர்கள் தேடிச் சேர்த்ததால்தான் மிச்சம் பிழைத்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' (2004) அந்த உலகத்தை விரிவாகச் சொல்கிறது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிய எட்டுப் பக்கம் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.