புண்ணைச் சுத்தம் செய்யும் புழுக்கள்

நாள்பட்டு ஆறாத புண்ணில் உயிருள்ள ஈப்புழுக்களை விட்டு, செத்த சதையை அகற்றும் மருத்துவ முறையே புழு சிகிச்சை. சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண், சிரைக் கோளாறால் காலில் வரும் புண், படுக்கைப் புண் போன்றவற்றுக்கு இது பயன்படுகிறது. செத்த சதை கிடக்கும்வரை கிருமிகள் பெருகும். புதுச் சதை வளராது.

இதற்கு உதவுவது லூசிலியா செரிகேட்டா என்ற பச்சை நிற ஈயின் புழு. முட்டைகளை ஆய்வகத்தில் கிருமிநீக்கம் செய்து பொரிக்க வைக்கிறார்கள். ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்களைச் சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 வரை விட்டு, காற்றுப் புகும் வலைத்துணியால் கட்டுகிறார்கள். மெல்லிய வலைப்பையில் அடைத்து வைப்பதும் உண்டு. இரண்டு, மூன்று நாளில் புழுக்கள் கொழுத்ததும் எடுத்து, மருத்துவக் கழிவோடு சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

இந்தப் புழுவுக்குப் பல் இல்லை. அது உமிழும் நொதிகள் செத்த சதையைக் கூழாக்குகின்றன. அந்தக் கூழை அது உறிஞ்சிக்கொள்கிறது. கூடவே உள்ளே போகும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதன் குடலில் மடிகின்றன. அதன் சுரப்பிலும் கிருமிகளை ஒடுக்கும் பொருள்கள் உள்ளன.

முதல் உலகப் போரின்போது, அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் பேர் பிரான்சில் இரண்டு வீரர்களைக் கண்டார். தொடை எலும்பு முறிந்து, ஏழு நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தும் அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை. காயத்தில் நெளிந்த புழுக்களை அகற்றியபோது அடியில் நல்ல சதை வளர்ந்திருந்தது. 1928இல் பால்டிமோரில், எலும்பில் சீழ் பிடித்த குழந்தைகளுக்கு அவர் இம்முறையைக் கையாண்டார். சிலருக்கு டெட்டனஸ் வந்த பிறகே, புழுக்களைக் கிருமியில்லாமல் வளர்க்கும் வழி தேடப்பட்டது. 1940களில் ஆன்டிபயாடிக் மருந்துகள் பரவியதும் இம்முறை மறைந்தது. அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகவே மீண்டும் வந்தது; 2004இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது.

பிரிட்டனில் காலில் புண் வந்த 267 பேரிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஹைட்ரோஜெல் களிம்பைவிடப் புழுக்கள் புண்ணை விரைவாகச் சுத்தம் செய்தன. ஆனால் புண் ஆறும் காலம் குறையவில்லை, வலியும் கூடுதலாக இருந்தது. ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, ரத்த ஓட்டத்தைச் சீராக்குவது போன்ற மற்ற சிகிச்சைகளும் தொடர வேண்டும். பெரிய ரத்தக் குழாய்க்கு அருகிலுள்ள புண்ணுக்கும், எளிதில் ரத்தம் கசியும் நோயாளிகளுக்கும் இம்முறை ஏற்றதல்ல.

ஈ மொய்த்துத் தானாகப் புழு வைத்த புண் வேறு. சில ஈக்களின் புழுக்கள் உயிருள்ள சதையையே தின்னும், கிருமிகளையும் கொண்டுவரும். அத்தகைய புண்ணுக்கு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.