டில்லியில் வாடகைக் கட்டடங்கள்: வாங்குவோரும் விடுவோரும் அறிய வேண்டியவை

1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி டில்லியின் மக்கள் தொகை சுமார் 9.2 லட்சம். 1951இல் அது 17.4 லட்சமாகப் பெருகிற்று. பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து குவிந்த அகதிகளே இப்பெருக்கத்திற்கு முதற் காரணம். வீடுகளோ அந்த வேகத்தில் பெருகவில்லை. கேட்ட வாடகையைக் கொடுக்க இயலாதவர்கள் தெருவிற்கு வந்துவிடாமல் காக்க 1952இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1958இல் டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இயற்றப்பட்டன. 1959 பிப்ரவரி 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் இன்றும் அமலில் உள்ளது. தலைநகரில் கட்டடத்தில் பணம் முடக்க எண்ணுவோரும், வீட்டை வாடகைக்கு விடுவோரும், தரகுத் தொழிலில் புதிதாக இறங்குவோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தக் கட்டடத்தில் உள்ள வாடகை உரிமை இச்சட்டத்திற்கு உட்பட்டதா, இல்லையா?

3,500 ரூபாய் எல்லை

விடை பெரும்பாலும் ஒரு தொகையைப் பொறுத்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அன்று அது வசதி படைத்தோர் மட்டுமே கொடுக்கக்கூடிய வாடகை. அதற்குப் பின் அத்தொகை மாற்றப்படவே இல்லை. விலைவாசி ஏற ஏற, புதிதாக ஏற்படும் வாடகை உடன்பாடுகள் ஏறத்தாழ அனைத்தும் தாமாகவே சட்டத்திற்கு வெளியே சென்றுவிட்டன. பழையவை மட்டும் உள்ளே தங்கின. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ விவாதித்து எடுத்த முடிவன்று இது; பணவீக்கம் செய்த திருத்தம் எனலாம். ஒரே தெருவில், ஒரே அளவுள்ள இரு கடைகளில் ஒன்று சில நூறு ரூபாய்க்கும் மற்றொன்று பல்லாயிரம் ரூபாய்க்கும் வாடகைக்கு இருப்பதன் காரணம் இதுவே. கன்னாட் பிளேசிலும் சாந்தினி சௌக்கிலும் இதனை நேரில் காணலாம்.

பழைய வாடகைதாரர் உள்ள கட்டடம்

எல்லைக்குள் அடங்கிய கட்டடத்தில் வாடகையை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர்த்தலாம் என்று 1988ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அதுவும் தானாக உயர்வதில்லை. உரிமையாளர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் கழிந்த பின்னரே உயர்வு செல்லுபடியாகும். 200 ரூபாய் வாடகையுள்ள கடையை எடுத்துக்கொள்வோம். 36 ஆண்டுகளில் 12 முறை தவறாது உயர்த்தினாலும் வாடகை சுமார் 628 ரூபாயே ஆகும். கூரையைப் பழுது பார்க்கக்கூட அது போதாது. பழைய டில்லியின் கட்டடங்கள் பல பராமரிப்பின்றிச் சிதைவதில் வியப்பில்லை. 2002இல் டில்லி உயர் நீதிமன்றம், பழைய செலவையும் பழைய நில மதிப்பையும் கொண்டு நியாய வாடகையை நிர்ணயித்த பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. ஆயினும் வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான கட்டுப்பாடுகள் நீங்கவில்லை.

அக்கட்டுப்பாடுகளையே விலைக்கு வாங்குவோர் கூர்ந்து கவனித்தல் வேண்டும். சட்டம் 14ஆம் பிரிவில் குறிப்பிடும் காரணங்களுக்காக மட்டுமே வாடகைதாரரை அகற்றலாம்: அறிவிப்புக் கொடுத்தும் இரண்டு மாதத்திற்குள் பாக்கியைச் செலுத்தாமை, எழுத்து மூல ஒப்புதலின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை முதலியன. சொந்தத் தேவை என்னும் காரணம் முன்பு குடியிருப்புக் கட்டடங்களுக்கே உரியதாயிருந்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் சத்தியவதி சர்மா வழக்கில் அதனைக் கடைகளுக்கும் விரிவுபடுத்திற்று. 1976இல் சேர்க்கப்பட்ட சுருக்க விசாரணை முறையின்படி, அழைப்பாணை கிடைத்த 15 நாட்களுக்குள் வாடகைதாரர் எதிர்வாதம் புரிய அனுமதி கோராவிடில் உத்தரவு அவருக்கு எதிராகவே அமையும். இவற்றைக் கேள்வியுற்ற தரகர் சிலர், ‘வாங்கியவுடன் காலி செய்துவிடலாம்’ என்று வாங்குவோருக்கு ஆசை காட்டுவதுண்டு. இது முற்றிலும் தவறு. கட்டடத்தை விலைக்கு வாங்கியவர் ஐந்தாண்டுகள் கழியும்வரை சொந்தத் தேவைக்காக மனுச் செய்யவே இயலாது. உத்தரவு கிடைத்தாலும் ஆறு மாதம் பொறுத்தல் வேண்டும். இடம் கைக்கு வந்தபின் மூன்றாண்டுகளுக்குள் வேறொருவருக்கு வாடகைக்கு விடவும் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆகவே சந்தை வாடகையைக் கணக்கிட்டு விலை பேசுவது பெரும் பிழை. இன்றைய வாடகை ரசீதே கணக்கின் அடிப்படையாதல் வேண்டும்.

வாடகைதாரர் முதியவர், அவருக்குப்பின் இடம் காலியாகும் என்ற கணிப்பும் பொய்த்துப் போகலாம். கடை வாடகை உரிமை வாரிசுகளுக்குச் செல்லும் என்று 1985இல் கியான் தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நியாயத்தின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. இரு தலைமுறைகளாக அக்கடையை நம்பி வாழும் குடும்பத்திற்கு, அந்தச் சில நூறு ரூபாய் ரசீதே பிழைப்பு. ‘பகடி’ என்று வழங்கும் முன்பணத்தை வாங்குவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தபோதிலும், கடைத்தெருவில் அப்பழக்கம் வேரூன்றிவிட்டது. பெருந்தொகை கொடுத்து உரிமை பெற்றவரை வெறும் வாடகைதாரராக மட்டும் கருதி வெளியேற்ற முனைந்தால் எதிர்ப்பு எழுவது இயற்கையே.

புதிதாக வாடகைக்கு விடுவோர்

3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்குச் சொத்து மாற்றச் சட்டம் (1882) பொருந்தும். வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நடைபெறும். குடியிருப்புக்கான மாத வாடகையை 15 நாள் அறிவிப்பின் மூலம் முடிவுக்குக் கொண்டுவரலாம். எனவே உரிமையாளரின் பாதுகாப்பு முழுவதும் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்படுதல் வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதிப்பதால், கட்டணத்தைத் தவிர்க்க 11 மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கம் ஏற்பட்டது. அதில் தவறில்லை. மூன்றாண்டு எனக் குறிப்பிட்டுவிட்டுப் பதிவு செய்யாமல் விடுவதே ஆபத்து. வாடகை உயர்வு, குறைந்தபட்சத் தங்கல் காலம் ஆகிய நிபந்தனைகளை அத்தகைய ஆவணத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க இயலாது.

மனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டம் (2016) வந்தபின், அதன்கீழ்ப் பதிவாக வேண்டிய கட்டுமானத் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் தரகர்களும் பதிவு பெறுதல் வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். பழைய வாடகைக் கட்டடங்களை விற்றுத் தரும் தரகரை இவ்விதி பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்கே வாங்குவோர் தாமே ரசீதுகளையும் ஒப்பந்தங்களையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்; வாடகைதாரரை நேரில் கண்டு பேசுவதும் நலம்.

வராத சட்டம்

1995இல் நாடாளுமன்றம் டில்லி வாடகைச் சட்டம் என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. வணிகர்களின் கடும் எதிர்ப்பினால் அது நடைமுறைக்கு வரவே இல்லை. அதனை அமலாக்குமாறு அரசுக்கு ஆணையிட 2003இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்திய புதிய சட்டத்தின்படி வாடகை இருதரப்பு ஒப்பந்தத்தால் நிர்ணயமாகிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமும் ஏறத்தாழ இதே நோக்குடையது. ஆனால் மாதிரிச் சட்டம், சட்டமாக இயற்றப்படும்வரை எவரையும் கட்டுப்படுத்தாது. ‘புதிய சட்டம் வரப்போகிறது, வாடகை பன்மடங்கு உயரும்’ என்ற பேச்சு டில்லிக் கடைத்தெருவில் 1995 முதல் இருந்து வருகிறது. அப்பேச்சை நம்பி அதிக விலை கொடுத்தவர்கள் இன்னும் பழைய வாடகையையே வாங்கிக்கொண்டிருக்கின்றனர்.