நெற்றி தூக்கும் இமை

பிறவியிலேயே இமை தொங்கும் குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவர், புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறார். நெற்றி உதவிக்கு வரக்கூடாது. ‘கீழே பார், இப்போது மேலே பார்’ என்கிறார். இமையோரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று அளவுகோல் காட்டுகிறது. இயல்பான இமை 12 மில்லிமீட்டருக்கு மேல் ஏறும். 4 அல்லது அதற்கும் குறைவு என்றால், தூக்கும் தசை பெயருக்குத்தான் இருக்கிறது.

தசையில் ஓரளவு வலு இருந்தால் அதில் ஒரு பகுதியை வெட்டிச் சுருக்கினாலே இமை ஏறிவிடும். வலுவே இல்லாத தசையிலும் இதைப் பெரிய அளவில் செய்து பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தசை காய்ந்த வார் மாதிரி. சுருங்கவும் செய்யாது, நெகிழவும் செய்யாது. எவ்வளவு வெட்டினாலும் இமை ஒரு நிலையில் நிறுத்தப்படுமே தவிர இயங்காது.

இன்னொரு வழி, இமையை நெற்றித் தசையோடு கட்டிவிடுவது. இக்குழந்தைகள் ஏற்கெனவே புருவத்தை உயர்த்தி, முகவாயை நிமிர்த்தித்தான் பார்க்கிறார்கள். அந்த முயற்சிக்கு ஒரு கயிறு கொடுத்தால் போதும். எந்தக் கயிறு என்பதில்தான் நீண்ட நாள் விவாதம். தொடையின் வெளிப்பக்கத்திலுள்ள நாருறையை 1909இல் பயர் என்ற மருத்துவர் பயன்படுத்தினார். 1956இல் டொரொண்டோ மருத்துவர் கிராஃபோர்டு அம்முறையைப் பரவலாக்கினார். சொந்தத் திசு என்பதால் உடல் ஏற்கும், பல்லாண்டு நிற்கும். ஆனால் மூன்று வயதுக்கு முன் குழந்தையின் தொடையில் போதிய நீளம் கிடைக்காது. இமை கண்பாவையை மூடியிருந்தால் அதுவரை காத்திருக்கவும் முடியாது. மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்காமலே போய்விடும். அப்போது சிலிக்கோன் இழை கைகொடுக்கிறது. நாளடைவில் அது நழுவலாம், சீழ் பிடிக்கலாம். ஆனால் மீள்தன்மை உள்ளது. தளர்த்தலாம், எடுத்தும் விடலாம்.

ஒரு கண் மட்டும் தொங்கினால் சிக்கல் வேறு. நல்ல கண்ணால் பார்த்துப் பழகிய குழந்தை, கெட்ட கண்ணுக்காகப் புருவத்தை உயர்த்துவதே இல்லை. கயிறு கட்டியும் இமை தொங்கும். 1965இல் அமெரிக்க மருத்துவர் பியர்ட் துணிச்சலான யோசனை சொன்னார்: நல்ல கண்ணின் தசையையும் வெட்டிவிட்டு, இரண்டு இமைகளையும் நெற்றியில் கட்டிவிடுவது. தர்க்கப்படி சரிதான். ஆனால் பழுதில்லாத கண்ணில் கத்தி வைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? நல்ல தசையை வெட்டாமல் கயிற்றை மட்டும் இருபுறமும் கட்டும் மாற்றுமுறையும் பின்னர் வந்தது.

எந்த முறையானாலும் கண்ணைத் திறக்க வைப்பதைவிட மூட வைப்பதே கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. தூக்கிக் கட்டிய இமை, உறக்கத்தில் முழுதாக மூடுவதில்லை. பெரும்பாலோருக்குக் கண்ணை மூடும்போது விழி தானாக மேலே உருண்டு, கருவிழி இமைக்கடியில் ஒளிந்துகொள்ளும். இமையையும் விழியையும் தூக்கவைக்கும் மூன்றாம் மூளை நரம்பு செயலிழந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இருக்காது. கருவிழி உலர்ந்து புண்ணாகலாம். அதனால் அவர்களுக்குப் பல மருத்துவர்கள் சிலிக்கோனையே எடுக்கிறார்கள். அதையும் கண்பாவை தெரியும் அளவுக்குமேல் உயர்த்துவதில்லை.