ஷவர் நீர் வடிகட்டி

ஷவர் நீர் வடிகட்டி என்பது குளியலறை ஷவரின் தலைப்பகுதியினுள்ளோ அதற்குச் சற்று முன்பாகக் குழாயிலோ பொருத்தப்படும் சிறிய நீர் வடிகட்டும் கருவி ஆகும். குளியல் நீரில் எஞ்சியிருக்கும் குளோரினைக் குறைப்பதே இதன் முதன்மைப் பணி. தோல் வறட்சிக்கும் முடி உதிர்தலுக்கும் தீர்வாக இது பரவலாக விற்கப்படுகிறது. எனினும் நீரின் கடினத்தன்மையை இக்கருவியால் குறிப்பிடத்தக்க அளவுக்கு நீக்க இயலாது. ஆகவே வீட்டுக்கு வரும் நீரில் உள்ள சிக்கல் குளோரினா, கடினத்தன்மையா என்று அறிவதே இதைத் தேர்ந்தெடுப்பதன் முதற்படி ஆகும்.

குளியல் நீரில் உள்ளவை

குளோரின்: நோய்க்கிருமிகளை அழிப்பதற்காகக் குடிநீர் வழங்கும் அமைப்புகள் நீரில் குளோரினைச் சேர்க்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908 ஆம் ஆண்டு முதல் இம்முறை தொடர்ச்சியாகப் பின்பற்றப்பட்டது. குளோரின் சேர்க்கப்பட்ட நீரில், பயனரைச் சென்றடையும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500 : 2012) கூறுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில், யாரேனும் பிளீச்சிங் பவுடர் இட்டாலன்றிக் குளோரின் இராது.

கடினத்தன்மை: நிலத்தடிப் பாறைகளிலிருந்து கரையும் கால்சியம், மக்னீசியம் உப்புகளால் நீர் கடினமாகிறது. இவை சோப்புடன் வினைபுரிந்து நீரில் கரையாத வெண்படிவை உண்டாக்குகின்றன. இப்படிவு வாளியிலும் தோலிலும் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். கால்சியம் கார்பனேட்டு அளவில் லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீர் மிகக் கடின நீர் என அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறை வகைப்படுத்துகிறது. மேற்கூறிய இந்தியத் தரம் 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொள்கிறது.

வடிகட்டும் ஊடகங்கள்

* செம்பு-துத்தநாகக் கலப்புலோகத் துகள்கள்: ஆக்சிசனேற்ற ஒடுக்க வினையால் குளோரினைத் தீங்கற்ற குளோரைடாக மாற்றுகின்றன.
* கால்சியம் சல்பைட்டு: குளோரினுடன் வினைபுரிந்து கால்சியம் சல்பேட்டாக மாறுகிறது. வெந்நீரிலும் செயற்படும்.
* செயலூட்டப்பட்ட கரி: குளோரினையும் வாசனை தரும் கரிமப் பொருட்களையும் நீக்குகிறது. ஷவரில் நீர் விரைந்து பாய்வதால் கரியுடன் தொடர்புறும் நேரம் குறைவு. இதனால் திறனும் குறைகிறது.
* வைட்டமின் சி: அஸ்கார்பிக் அமிலம் குளோரினையும் குளோரமினையும் செயலிழக்கச் செய்கிறது. 1 பங்கு குளோரினுக்கு ஏறத்தாழ 2.5 பங்கு தேவைப்படுவதால் விரைவில் தீர்ந்துவிடும்.

இவற்றுள் எதுவும் கால்சியத்தையோ மக்னீசியத்தையோ நீக்குவதில்லை.

கடினத்தன்மையை ஏன் நீக்க இயலாது?

கடின நீரை மென்னீராக்க அயனிப் பரிமாற்றப் பிசின் பயன்படுகிறது. 1 லிட்டர் பிசின் முழுத்திறனுடன் செயற்பட்டால் ஏறத்தாழ 100 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான உப்பை ஏற்கும். ஷவர் வடிகட்டி ஒன்றினுள் 100 மில்லிலிட்டர் பிசின் இருப்பதாகக் கொண்டால் அதன் கொள்ளளவு 10 கிராம் மட்டுமே.

லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 10 நிமிடம் பாய்ந்தால், 80 லிட்டர் நீரில் 32 கிராம் உப்பு வருகிறது. வடிகட்டியின் கொள்ளளவோ 25 லிட்டரிலேயே, அதாவது ஏறத்தாழ 3 நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன் பின் பிசினை உப்புக் கரைசலால் புதுப்பிக்க வேண்டும். வீடு முழுவதற்குமான மென்னீராக்கிகள் பல லிட்டர் பிசினையும் தனி உப்புத் தொட்டியையும் கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

தோல், முடி மீதான விளைவுகள்

குளியல் நீரில் எஞ்சியுள்ள குளோரின், ஒவ்வாமைத் தோலழற்சி உள்ளோரின் தோல் நீரைத் தேக்கிவைக்கும் திறனைக் குறைப்பதாக 2003 இல் சப்பானிய ஆய்வொன்று காட்டியது. கடின நீரில் கழுவும்போது சலவைப் பொருள் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலூட்டுவதாக இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆயினும் தோலழற்சியுடைய 336 குழந்தைகளிடம் அங்கு நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், 12 வாரங்கள் மென்னீராக்கி பயன்படுத்தியதால் நோயில் கூடுதல் முன்னேற்றம் ஏற்படவில்லை.

முடியைப் பொறுத்தவரை முடிவுகள் முரண்படுகின்றன. கோயம்புத்தூரில் 15 பேரின் முடியைக் கொண்டு செய்யப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு, கடின நீரால் முடியின் வலிமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. பாக்கித்தானில் 70 ஆண்களின் முடியைக் கொண்டு செய்யப்பட்ட 2018 ஆம் ஆண்டு ஆய்வு வலிமை குறைவதாகக் கண்டது. இரண்டும் முடி இழையின் வலிமையை அளந்தவை. வேரோடு முடி உதிர்வதை அளந்தவை அல்ல. மரபு, இரும்புச்சத்துக் குறைபாடு, தைராய்டுக் கோளாறு போன்றவை முடி உதிர்வுக்குக் காரணமாகலாம் என்பதால், வடிகட்டியை நம்பி மருத்துவரைக் காணாதிருத்தல் தகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

1. நீரைச் சோதித்தல்: குளோரினுக்கும் கடினத்தன்மைக்கும் தனித்தனிச் சோதனைப் பட்டைகள் உள்ளன. கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளை மதிப்பிடும் டி.டி.எஸ். மானி இவ்விரண்டையும் தனித்துக் காட்டாது.
2. குளோரின் மிகுந்திருந்தால்: ஷவர் வடிகட்டி பயன்தரலாம். இதற்கான அமெரிக்கத் தரமான என்.எஸ்.எஃப்./ஆன்சி 177, கட்டற்ற குளோரின் குறைப்பை மட்டுமே சான்றளிக்கிறது.
3. கடினத்தன்மை மிகுந்திருந்தால்: ஷவர் வடிகட்டி பயன்தராது. மென்னீராக்கி நிறுவலாம். இயலாதவர்கள் வெண்படிவை உண்டாக்காத, சோப்பு அல்லாத கழுவுபொருட்களைப் பயன்படுத்தி, நன்கு அலசி, குளித்தவுடன் ஈரப்பதமூட்டும் களிம்பைப் பூசலாம்.
4. இரண்டும் குறைவாக இருந்தால்: எக்கருவியும் தேவையில்லை.

பராமரிப்பு

ஊடகம் தீர்ந்துபோன வடிகட்டி வெறும் குழாய்க்கு ஒப்பானது. குளோரின் நீங்கிய ஈரமான வடிகட்டியினுள் நுண்ணுயிரிகள் பெருகவும் கூடும். எனவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்தில் அதன் உட்குடுவையை மாற்ற வேண்டும். வாங்கும்போது கருவியின் விலையுடன் இந்த ஆண்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுதல் நன்று.