குழாய் எங்கே வெடிக்கிறது?

டிசம்பரில் மூன்று கிழமை யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் ரொறன்ரோவில் நிறைய. ஆளில்லாத வீட்டை எதற்குச் சூடாக்குவது என்று ஹீற்றரை நன்றாகக் குறைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஜனவரியில் திரும்பிக் கதவைத் திறக்கும்போது பேஸ்மென்ற்றில் தண்ணீர் நின்றால், மிச்சம் பிடித்த காசு ஒரு மூலைக்கும் காணாது. சின்னச் சின்ன வேலைகளால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் குழாய் எப்படி வெடிக்கிறது என்பது விளங்கினால்தான் எதை ஏன் செய்கிறோம் என்பதும் விளங்கும். (நாம் கையால் திருகித் திறப்பதை இங்கே பைப் என்கிறேன், சுவருக்குள் ஓடுவதைக் குழாய் என்கிறேன்.)

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பருத்த பனிக்கட்டி குழாயின் சுவரை நெரித்துப் பிளக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் எண்ணுகிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. குளிரான இடத்தில் குழாயின் ஒரு துண்டு உறைந்து, போத்தலுக்குத் தக்கை வைத்தாற்போல் அடைபடுகிறது. அந்தக் கட்டி மேலும் வளரும்போது, அதற்கும் பூட்டிய பைப்புக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. போக வழியும் இல்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், அந்தத் துண்டில் எங்கே பலம் குறைவோ அங்கே குழாய் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம். கட்டி அடைத்துக்கொண்டிருக்கும் வரை பெரிதாக ஒழுகாது. வெயில் எறித்து அது உருகும் நாளில்தான் வெள்ளம் வரும்.

கடுங்குளிர் இரவில் பைப்பை மெல்லச் சொட்ட விடுங்கள் என்று சொல்வது இதனால்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் உறையப் பிந்தும் என்பது பாதிக் காரணம். திறந்திருக்கும் பைப் அழுத்தத்துக்கு வழிவிடும் என்பதே பெரிய காரணம். உள்ளே உறைந்தாலும் குழாய் தப்பக்கூடும். சூடு, குளிர் இரண்டு பக்கமும் சொட்ட வேண்டும், குழாய்கள் இரண்டல்லவா.

எந்தக் குளிரில் பயப்பட வேண்டும்? அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூடில்லாத கூரைப்பரணில் உறை போடாத குழாய்களை வைத்துப் பார்த்தார்கள். வெளியே சுமார் −7 பாகை செல்சியசுக்கு இறங்கும்போது ஆபத்து தொடங்குவதைக் கண்டார்கள். ரொறன்ரோவில் அது சாதாரண ஜனவரி நாள். இங்குள்ள வீடுகள் அதற்கென்று கட்டியவை என்பதால் தப்புகின்றன. 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர் வந்தபோது வீடுகள் அப்படி இருக்கவில்லை. கூரைப்பரண் வழியாகக் குழாய் ஓடும் வீடுகள், மின்சாரமும் நின்றுபோன நாட்கள். எத்தனையோ வீடுகளில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது.

நம் வீடுகளிலும் பலவீனமான இடங்கள் உண்டு. கராஜுக்கு மேலே குளியலறை, வெளிச்சுவரை ஒட்டிய குசினித் தொட்டி, பேஸ்மென்ற் ஜன்னலோரம் ஓடும் குழாய். தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவுகளை இரவில் திறந்து வைத்தால் வீட்டின் சூடு குழாயைத் தொடும். கராஜ் கதவை மூடியே வையுங்கள். குழாயோ வயரோ சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் காற்று நுழைந்தால் அந்த ஓட்டையை அடையுங்கள். சிறு ஓட்டையால் வரும் குளிர்காற்றே ஒரு குழாயை உறைய வைக்கப் போதும்.

குழாய்க்குப் போடும் நுரை உறை மலிவு, நல்லது. ஆனால் அது போர்வை, அடுப்பு அல்ல. சூடே வராத இடத்தில் உறைவதைப் பிந்தச் செய்யும், அவ்வளவுதான். சுவருக்குள் காப்புப் பஞ்சு அடைப்பதானால் அது குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். குழாய்க்கும் அறைக்கும் நடுவில் அடைத்தால் வீட்டுச் சூட்டை நாமே மறித்தவர்களாவோம். இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது.

தோட்டத்துப் பைப்பை ஒக்டோபரிலேயே கவனியுங்கள். ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வைப் பூட்டி, வெளிப் பைப்பைத் திறந்து தண்ணீரை வடியவிட்டுத் திறந்தபடியே விடுங்கள். மறந்தவர்களுக்கு வசந்தத்தில்தான் தெரியவரும்: செடிக்குத் திறந்த தண்ணீர் பேஸ்மென்ற் சுவரால் வழியும்.

ஊருக்குப் போகிறீர்களா? தெர்மோஸ்டாட்டை 13 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். முதன்மை வால்வைப் பூட்டி, எல்லாப் பைப்பையும் திறந்து குழாய்களை வடிய விடுங்கள். சுடுதண்ணீரால் சூடாகும் வீடென்றால் பூட்டுமுன் பிளம்பரிடம் கேளுங்கள். கனடாவின் பல காப்புறுதிப் பத்திரங்களில், குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வீட்டில் ஆளில்லையென்றால் தினமும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரைப் பூட்டி வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. செய்யாவிட்டால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். பத்திரத்தை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள்.

ஒரு காலையில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது என்றால் குழாய் உறைந்திருக்கலாம். பைப்பைத் திறந்தபடியே விட்டு, தலைமயிர் உலர்த்தியால் பைப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கிச் சூடாக்குங்கள். நெருப்பை ஒருபோதும் குழாயருகே கொண்டுபோகாதீர்கள், வீடு பற்றிவிடும். வீட்டில் ஒரு பைப்பிலும் தண்ணீர் இல்லையென்றால் கோளாறு வீதியிலிருந்து வரும் குழாயிலும் இருக்கலாம். ரொறன்ரோவில் 311-க்கு அழையுங்கள்.

குழாய் வெடித்துவிட்டால் முதல் வேலை முதன்மை வால்வைப் பூட்டுவது. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும், பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவருக்கும், இந்தக் கிழமையே காட்டிக் கொடுங்கள்.