கண்ணில் நெல் உமி விழுந்தால்

சம்பா அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் நிற்பவர் கண்ணில் உமியோ, சுணையோ விழுவது சகஜம். கதிர் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகும் இது குறையவில்லை. வெறும் தூசி பெரும்பாலும் கண்ணீரோடு வெளியேறிவிடும். உமி அப்படியல்ல. அதன் உட்புறம் குழிவாக இருப்பதால் கருவிழியின் மேல் கவிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். சுணை மேல் இமையின் உட்புறத்தில் ஒளிந்துகொண்டு, சிமிட்டும் போதெல்லாம் கருவிழியைக் கீறும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது; உறுத்தல் மட்டும் நிற்காது.

கண்ணைக் கசக்கவே கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின், காய்ச்சி ஆறிய தண்ணீரையோ சுத்தமான குடிதண்ணீரையோ டம்ளரில் எடுத்து, இமையை விரித்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஊற்ற வேண்டும். வாய்க்கால் தண்ணீர் ஆகாது. மேல் இமையை இழுத்துக் கீழ் இமையின் மேல் விட்டால், கீழ் இமை முடியே சில சமயம் துடைத்து எடுத்துவிடும். இதற்கும் போகாவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

துணி முனையால் துழாவுவது, நாக்கால் எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு விடுவது ஆகியவை சில ஊர்களில் இன்னும் வழக்கத்தில் உள்ளன. கேடு தொடங்குவது இங்கேதான். சுத்தமான கீறல் ஓரிரு நாளில் ஆறிவிடும். மண்ணிலும் வைக்கோலிலும் உள்ள பூசணம் அதில் புகுந்தால் புண்ணாகும். வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் புசேரியம் வகையைச் சேர்ந்த பூசணங்களே தமிழ்நாட்டில் இப்புண்ணுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று.

இப்புண் மெதுவாக வளரும். முதல் சில நாட்கள் வலி பெரிதாக இராது. "அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போட அதுவே காரணமாகிறது. பிறகு கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்கக் கூசும், பார்வை மங்கும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றும். புள்ளி தெரிந்தபின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருந்துக் கடையில் "சிவந்த கண்ணுக்குச் சொட்டு மருந்து" என்று கேட்டு வாங்குவது மிகவும் ஆபத்து. ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் சிவப்பும் எரிச்சலும் அடங்கும். குணமாகிறது என்று நம்பியிருக்கையில் பூசணம் தடையின்றிப் பரவும்.

மருத்துவர் மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பார். சாயம் இட்டு நீல ஒளியில் பார்த்தால் கீறல் பச்சையாக மின்னும். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு உமியை எடுத்துவிடுவார். புண்ணாகியிருந்தால் அதைச் சுரண்டி நுண்ணோக்கியில் சோதிப்பார். பூசணம் என்று தெரிந்தால் நாட்டமைசின் சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கொரு முறை விட வேண்டியிருக்கும்; சிகிச்சை பல வாரம் நீடிக்கும். ஆறினாலும் தழும்பு நிற்கும். அது பாவைக்கு நேராக அமைந்தால் பார்வை போய்விடும்.

மண்வெட்டியைத் தட்டும்போது இரும்புத் துணுக்கு கண்ணில் பாய்ந்தால் கழுவவோ அழுத்தவோ கூடாது. எதுவும் படாமல் மூடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பூச்சிமருந்தோ சுண்ணாம்போ தெறித்தால் அதற்கு நேர்மாறு. அந்த இடத்திலேயே 20 நிமிடமாவது கழுவிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

நெல் தூற்றுபவரும் இயந்திரத்தருகே நிற்பவரும் பக்கவாட்டிலும் மறைப்புள்ள சாதாரணக் கண்ணாடி அணிந்தால் போதும், உமி கண்ணில் விழுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.